வாலுக்குள் ஒரு முற்பகல்

ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டு வெளிய வந்துடலாம். யாரும் கேக்கப் போறதில்ல. ஆனா மனசு வர மாட்டேங்குது. மல்லாக்கப் படுத்துக் கெடக்கேன், முதுகுக்குக் கீழ ஒரு பலகை, மூக்குக்கு ஒரு சாண் மேல விமானத்தோட முதுகுத் தகடு. நாலு பேர் உக்கார்ற சின்ன விமானம் இது, பைலட் ஸ்கூல்ல பிள்ளைங்க ஓட்டிப் பழகுறது. சாமான் வைக்கிற கதவு வழியா தலையை விட்டு, தோளை ஒருக்களிச்சு, இடுப்பை இழுத்து இந்த வாலுக்குள்ள வந்து படுக்கிறதுக்குள்ள பாதி உசுரு போயிடுது. பரண்ல பழைய சாமானைத் தள்ளிட்டு நாமளே ஏறிப் படுத்துக்கிட்ட மாதிரி இருக்கு. பங்குனி வெயில் ஹேங்கர் கொட்டகைத் தகரத்துல அடிக்குது, அந்தச் சூடு மொத்தமும் இந்த வாலுக்குள்ள வந்து குடியிருக்கு. கழுத்து வேர்வை காதுக்குள்ள போகுது, துடைக்கக் கையைத் தூக்கினா முழங்கை ரிவெட்டு ஆணியில இடிக்குது. சரி, ஊறட்டும். நாப்பது வயசுல ஊர்ல எங்கூடப் படிச்சவளுங்க எல்லாம் டீச்சராவும் நர்ஸாவும் ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்காளுங்க. செலின் மட்டும் விமானத்தோட வயித்துக்குள்ள. யார் சொல்லி வந்தேன்? யாரும் சொல்லல. உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்னு வந்தேன். அவ்வளவுதான். சின்ன வயசுல சுவர்க்கடிகாரத்தைக் கழட்டினேன், அப்புறம் தையல் மெஷினு, அப்புறம் கோயில் ஆர்மோனியம். அம்மா எனக்கு வெச்ச பேரே நோண்டி. எதையாவது நோண்டலைன்னா உனக்குச் சோறு இறங்காதேடின்னு சொல்லும். எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார், ஆறு மாசத்துக்கு ஒருக்கா வருவார், வந்தா ஒரே கேலி. என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாக்க ஸ்க்ரூ கிடைக்கலையா செலின்னு கேப்பார். கிடைச்சிருந்தா பாத்திருப்பேன்தான்.

டார்ச்சை இந்தப் பக்கம் திருப்புவோம். இதோ போகுது பெரிய கம்பி, முன்னாலேருந்து வால் நுனி வரைக்கும், பென்சில்ல பாதி தடிமன்கூட இல்ல. முன்னால ஓட்டுறவங்க கையில இருக்கிறது கார் ஸ்டியரிங்குல மேல்பாதியை வெட்டி எடுத்த மாதிரி ஒரு கைப்பிடி. அதைத் தன் பக்கம் இழுத்தா அந்த இழுப்பு இந்தக் கம்பி வழியா ஓடிவந்து வால்ல இருக்கிற பலகையைத் தூக்கும், விமானம் மூக்கைத் தூக்கும். தள்ளினா மூக்கு இறங்கும். அவ்வளவுதான் சங்கதி. ஜனங்க என்னமோ மந்திரம்னு நெனக்கிறாங்க, உள்ள வந்து பாத்தா கிணத்து ராட்டினமும் கயிறும்தான். இதுல ஆட்டோபைலட்டுன்னு ஒண்ணு நடுவுல வந்து சேந்துச்சு. பேருதான் பெருசு. ஒரு டிபன் பாக்ஸ் அளவு மோட்டார், அதுல ஒரு உருளை, உருளையைச் சுத்தி ஒரு சின்னக் கம்பி. அந்தச் சின்னக் கம்பியோட ரெண்டு முனையையும் பெரிய கம்பியில கிளாம்ப் போட்டுக் கடிக்க விட்டிருக்காங்க. முன்னால பட்டனைப் போட்டா மோட்டார் சுத்தும், சின்னக் கம்பி பெரிய கம்பியை இழுக்கும், விமானம் தானா மட்டமா போகும். பட்டனை அணைச்சா மோட்டார் பிடியை விட்டுடும். ஆனா சின்னக் கம்பி எங்க போகும்? அது பெரிய கம்பியோட தோள்ல கையைப் போட்டுக்கிட்டே இருக்கும், பெரியது போற இடத்துக்கெல்லாம் கூடவே போய்ட்டு வரும். ஓட்டுறவங்களுக்கு அது இருக்கிறதே தெரியாது. தெரியக் கூடாது. தெரிஞ்சா அங்கதான் வினை. எங்ககிட்ட இருக்கிறதுல இந்த ஒரு விமானத்துலதான் இதை மாட்டியிருக்காங்க, போன மாசம், வெளியூர் ஆளுங்க வந்து. அப்ப நான் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். இன்னைக்குத்தான் மொதல் தடவையா இதோட முகத்தைப் பாக்கேன்.

அந்தப் பொண்ணு சொன்னதை மறுபடியும் யோசிச்சுப் பாக்கணும். சங்கமித்ரா, மித்ரான்னு கூப்பிடுவாங்க, ஆத்தூர்க்காரி, அப்பா டிராக்டர் சாமான் கடை வெச்சிருக்கார். பத்தொம்பது வயசு. எங்கிட்ட வந்து நின்னு தரையைப் பாத்துட்டேதான் சொன்னா. கடைசில கொஞ்சம் வரல மேடம். எது வரல? கைப்பிடி, மேடம். வந்துட்டே இருந்துச்சு, கடைசில கொஞ்சம் வரல. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. முந்தாநாள் காலையில தனியா ஓட்டிட்டு வந்து இறங்குறா. இறங்குறப்போ தரைக்குப் பக்கத்துல வந்ததும் கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து மூக்கைத் தூக்கணும், அப்பதான் பின்சக்கரம் மொதல்ல படும். இவளுக்கு மூக்கு தூக்கல. முன்சக்கரம் மொதல்ல அடிச்சு, துள்ளி, மறுபடியும் அடிச்சு, துள்ளி, ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லுல போய் நின்னுச்சு. நான் ஹேங்கர் வாசல்லேருந்து பாத்தேன். இறங்கி வந்தப்போ அவ அழல. வளையல் கடையில அளவு பாக்கிற மாதிரி ரெண்டு கையையும் விரிச்சு விரிச்சுப் பாத்துட்டே நடந்து வந்தா. கேப்டன் சபேசன்தான் இங்க தலைமைப் பயிற்சியாளர். ஏர்ஃபோர்ஸ்ல இருந்தவர், நல்ல மனுஷர், கோவப்பட மாட்டார், அதுதான் கஷ்டம். கோவப்பட்டா நாமளும் சண்டை போடலாம். அவர் அமைதியா சொன்னார், கை உறைஞ்சு போச்சு செலின், சில பேருக்கு அப்படித்தான், தரையைப் பாத்ததும் கை நின்னுடும், அவங்களுக்கே தெரியாது. இப்ப நாம இரக்கப்பட்டு விட்டா நாளைக்கு அவ உசுருக்கு யார் பதில் சொல்றது? அதுவும் நியாயம்தானே. அவ அப்பாவுக்கு போன் பண்ணிட்டார். சாயங்காலத்துக்குள்ள அப்பா வந்து கூட்டிட்டுப் போயிடுவார். இனிமே பறக்கிற பேச்சே கிடையாது. எங்கிட்ட மட்டும் கேப்டன் ஒரு வார்த்தை சொன்னார், ஒரு தடவை பாத்துடுங்க, இல்லைன்னா எனக்கும் மனசு கேக்காது.

ஆக, இந்த வாலுக்குள்ள ஏதாவது இருந்தா அவ பைலட்டு. இல்லைன்னா அவ ஆத்தூர். இவ்வளவு சின்ன இடத்துல அவ்வளவு பெரிய விஷயத்தைக் கொண்டுவந்து வெச்சா எப்படி மூச்சு விடுறது? துணியை எடு. கம்பியில இழை ஏதாவது அறுந்திருந்தா கண்ணுக்குத் தெரியாது, விரலை விட்டா குத்தும், அதனால பழைய பனியன் துணியைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு நீளத்துக்கும் உருவிக்கிட்டே போகணும். அறுந்த இழை துணியைப் பிடிச்சு இழுக்கும். உருவுறேன். வழவழன்னு போகுது. இன்னும் உருவுறேன். பெண்டாட்டி பேச்சைக் கேக்கிற புருஷன் மாதிரி எங்கயும் நிக்காம போகுது. உருளையைச் சுத்தியிருக்கிறதையும் பாத்தாச்சு, சுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறல. இறுக்கமும் அளந்தாச்சு, எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு இருக்கு. எல்லாம் சரியா இருக்கு. சரியா இருக்குன்னதும் எனக்கு எரிச்சலா வருது. இது என்ன கூத்து? கம்பி நல்லா இருந்தா சந்தோஷப்பட வேண்டியவ நான். கம்பி அறுந்திருக்கணும்னு வேண்டிக்கிற இன்ஜினியரை எங்கயாவது பாத்ததுண்டா? ஜெபமாலை உருட்டுற மாதிரி துணியை உருட்டிக்கிட்டு, மாதாவே ஒரு இழையாவது அறுந்திருக்கட்டும்னு கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்.

இதுதான் பயமா இருக்கு. ஆசைப்பட்டுப் பாக்கிற கண்ணு பொய் சொல்லும். எங்கப்பா தம்பியோட பரீட்சை ரிசல்ட் பாத்த கதை தூத்துக்குடியில எங்க தெருவுக்கே தெரியும். அந்தக் காலத்துல பேப்பர்லதானே நம்பர் வரும். அப்பா பஸ் ஸ்டாண்டுல பேப்பரை வாங்கி அங்கயே நின்னு பாத்துட்டு, கையோட அல்வா வாங்கிட்டு வந்துட்டார். தெரு முழுக்கக் குடுத்தாச்சு, கோயில் சாமியாருக்கும் ஒரு பொட்டலம் போயாச்சு. அப்புறம் தம்பியே பேப்பரை எடுத்துப் பாக்கிறான், இவன் நம்பருக்கு முந்துன நம்பர் இருக்கு, பிந்துன நம்பர் இருக்கு, இவன் நம்பரைக் காணோம். அப்பா பொய் சொல்லல. சத்தியமா அவருக்கு அந்த நம்பர் தெரிஞ்சுச்சு. நான் பாத்தேம்மா, என் ரெண்டு கண்ணால பாத்தேன்னு ராத்திரி பூரா சொல்லிக்கிட்டே இருந்தார். இப்ப இந்த டார்ச்சு வெளிச்சத்துல அந்த கிளாம்ப் ஓரத்துல ஒரு பளபளப்பு தெரியுதே, அது உராஞ்ச தடமா, இல்ல எங்கப்பா பாத்த நம்பரா? தலையைச் சாச்சுப் பாத்தா தெரியுது. நேரா பாத்தா தெரியல. கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாத்தா பாதி தெரியுது. புது உலோகம் எல்லாமே பளபளன்னுதான் இருக்கும் செலின், அல்வா வாங்கப் போயிடாத.

கம்பியை ஓட விட்டுத்தான் பாக்கணும். நின்ன நிலையில பாத்தா நின்ன நிலைதான் தெரியும். முன்னால மெக்கானிக் துரைப்பாண்டி உக்காந்திருக்கான், அவன்கிட்ட சத்தம் குடுத்தேன். துரை, இழு. இழுத்தான். டக்குன்னு கம்பி ஓடுச்சு, வால் பலகை மேல போய் இடிச்சு நின்னுச்சு. தள்ளு. டக். மறுபடியும். டக், டக். எங்கயும் தடை இல்ல. போதுமாக்கான்னு கேக்கான். போதாது, இன்னும் ரெண்டு தடவை. டக், டக், டக், டக். கேப்டன் சபேசனும் முந்தாநாள் இப்படித்தான் இழுத்துப் பாத்தார், புல்லுல நின்ன விமானத்துல ஏறி, முன்ன ஒரு டக், பின்ன ஒரு டக், எல்லாம் ஃப்ரீயா இருக்கு பாருங்கன்னார். எல்லாரும் இப்படித்தான் பாப்போம். மேல ஏறுறதுக்கு முன்னாடி பிள்ளைங்க பாக்கிறதும் இதேதான், தெருக் குழாயடியில பம்ப் அடிக்கிற மாதிரி. துரைக்குப் பசி வந்துடுச்சு, குரல்லேயே தெரியுது. அக்கா, எண்ணெய் வண்டி வந்து நிக்குது, போய் எழுதிவிட்டுட்டு வரட்டுமா? போப்பா, போ. அவன் இறங்கின ஆட்டத்துல விமானம் ஒரு தடவை குலுங்கிச்சு, என் நெத்தியில ஒரு ரிவெட்டு முத்தம் குடுத்துச்சு.

இப்ப தனியாக் கெடக்கேன். ஹேங்கர்ல புறா சத்தம், தகரம் சூட்டுல டிக் டிக்குன்னு விரியுது. போய்ச் சொல்லிடலாமா? ஒண்ணும் இல்ல கேப்டன், கம்பி நல்லா இருக்கு. சொன்னா அவர் தலையாட்டுவார். அந்தப் பொண்ணு பெட்டியை எடுத்துக்கும். ஆனா அவ வேற மாதிரியும் சொல்லியிருக்கலாமே, அதுதான் என்னைக் குடையுது. பொய் சொல்றவங்க பெருசா சொல்லுவாங்க. கைப்பிடி இறுகிப் போச்சு, அசையவே இல்ல, இரும்பு மாதிரி இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. பயந்தவங்க என்ன நடந்துச்சுன்னே தெரியலம்பாங்க. இவ சொன்னது, கடைசில கொஞ்சம். கொஞ்சம்னு யாராவது பொய் சொல்லுவாங்களா? சரி, அப்படின்னா மத்தவங்களுக்கு ஏன் வந்துச்சு? இந்த விமானத்துல ஒரு மாசமா எத்தனை பேர் இறங்கியிருக்காங்க. யோசி. மத்தவங்க போறப்போ பக்கத்துல பயிற்சியாளர் இருப்பார், பின்னால பை இருக்கும், ஆள் இருக்கும், பின்பக்கம் கனமா இருக்கிறதால மூக்கு லேசா தூக்கும், முழுசா இழுக்க வேண்டிய அவசியமே வராது. இது மாட்டினதுக்கப்புறம் இதுல தனியாப் போனது இவ ஒருத்திதான். பின்னால ஒரு தண்ணி பாட்டில்கூட கிடையாது. மூக்கு கனம். அப்ப கைப்பிடியைக் கடைசி வரைக்கும் இழுத்தாகணும். அந்தக் கடைசியில என்ன இருக்கு? அதையும்தான் துரை இழுத்தானே, டக்குன்னு போச்சே. போச்சு. போச்சுதான். ஆனா லேண்டிங்ல யாராவது டக்குன்னு இழுப்பாங்களா? டக்குன்னு இழுத்தா விமானம் மறுபடியும் மேல எகிறிடும். பாலைக் கீழ சிந்தாம ஊத்துற மாதிரி இழுப்பாங்க. நாங்க இத்தனை வருஷமா சோதிக்கிறது ஒரு மாதிரி, அவங்க ஓட்டுறது வேற மாதிரி. இதை நான் ஏன் இதுக்கு முன்னாடி நெனச்சுப் பாக்கல? எனக்கு மயிர்க்கூச்செறியுது, இந்த வேக்காட்டுல.

யாரு இருக்கா வெளியன்னு சத்தம் போட்டேன். ஒரு மெலிசான குரல், நான்தான் மேடம், மித்ரா. அவ எப்ப வந்தா? ஹேங்கர்ல எந்த மூலையில நின்னுட்டிருந்தா? கேக்கல. ஏறி உக்காரும்மான்னேன். ஏறினது தெரியவே இல்ல, அவ்வளவு லேசான உடம்பு. மேடம், கேப்டன் என்னை இனிமே உள்ள உக்காரக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். நான்தானே உக்காரச் சொல்றேன், உக்காரு. உக்காந்தாச்சு மேடம். முந்தாநாள் எப்படி இழுத்தியோ அப்படியே இழு, கூட்டவும் வேணாம் குறைக்கவும் வேணாம். ரொம்ப நேரம் ஒண்ணும் நடக்கல. கம்பி அசையல. இழுக்கலையான்னு கேட்டேன். தரை இன்னும் வரல மேடம்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவ மனசுக்குள்ள இறங்கிட்டு இருக்கா. சரி, வரட்டும். டார்ச்சை கிளாம்ப் மேல பிடிச்சுக்கிட்டு நானும் அவகூட இறங்கினேன், இந்த இருட்டுல மல்லாந்தபடியே.

கம்பி நகந்துச்சு. நகந்துச்சான்னுகூடச் சொல்ல முடியாது, ஓடுற கம்பியை எனக்குப் பழக்கம், ஊர்ற கம்பியை இப்பதான் பாக்கேன். நத்தை மாதிரி வருது. சின்னக் கம்பியும் கூடவே வருது, கிளாம்பும் வருது, கிளாம்போட போல்ட் தலையும் வருது. அதுக்கு எதிர்ல ஒரு சின்ன உருளை, கம்பி உருளையை விட்டு நழுவாம இருக்க உருளை மேல ஒரு காவல் ஊசி. போல்ட் தலை அந்த ஊசிகிட்ட வருது. வந்துட்டே இருக்கு. நான் மூச்சை விடல. தாண்டிடும், துரை இழுத்தப்போ தாண்டிச்சுல்ல, தாண்டிடும். தாண்டல. போல்ட் தலை ஊசி மேல ஏறி, பஸ் படிக்கட்டுல கால் வெச்சுட்டு ஏறாம நிக்கிற ஆளு மாதிரி அப்படியே உக்காந்துடுச்சு. கம்பி நின்னுச்சு. வால் பலகை மேல போக இன்னும் இடம் இருக்கு, ஆனா நின்னுச்சு. முன்னாலேருந்து அவ குரல், ரொம்ப மெதுவா, யாரையோ எழுப்பிடுவோமோன்னு பயந்த மாதிரி. இதுதான் மேடம். இதேதான். நான் கண்ணை மூடித் திறந்தேன். அல்வா வாங்கப் போயிடாத. மறுபடியும் பாத்தேன். விரலை வெச்சுத் தொட்டேன். போல்ட் தலை ஊசியில நிக்கிறது விரலுக்குத் தெரியுது, விரலுக்கு ஆசை கிடையாது. இப்ப கொஞ்சம் பலமா இழுன்னேன். இழுத்தா. டிக்குன்னு ஒரு சத்தம், போல்ட் தாண்டிச்சு, பலகை மேல போச்சு. அந்த டிக்கைத்தான் நாங்க எல்லாரும் டக் டக்குன்னு இழுத்து இழுத்து முழுங்கிட்டு இருந்திருக்கோம்.

ஏன் இப்படின்னும் பாத்துடணும், பாக்கலைன்னா எனக்குச் சோறு இறங்காது. விமானம் நிக்கிறப்போ வால் பலகை தன் கனத்துல கீழ தொங்கிக்கிட்டு இருக்கும். கிளாம்ப் போடுறப்போ பலகையை மட்டமா நிறுத்தி, முட்டுக் குடுத்து, அப்புறம் போடணும். இவங்க தொங்கினபடியே விட்டுட்டுப் போட்டிருக்காங்க. ஒரு விரக்கடை தள்ளிப் போச்சு கிளாம்ப். ஒரே விரக்கடை. அது தோள்ல கை போட்டவன் கொஞ்சம் கழுத்துப் பக்கமா போட்டுட்ட மாதிரி. இன்னைக்கே கழட்டிச் சரியா மாட்டிடலாம், பெரிய வேலையே இல்ல. பெரிய வேலையா இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ஒரு பொண்ணு புல்லுல போய் நின்னா, இவ்வளவு சின்ன விஷயத்துக்கா அவ அப்பா பஸ் ஏறியிருக்கார்? கோவம் வருது. யார் மேலன்னு தெரியல. தலையை இழுத்து, தோளை ஒருக்களிச்சு, பொறந்த குழந்தை மாதிரி வேர்வையும் கிரீஸுமா வெளிய வந்து விழுந்தேன்.

சொல்லி அனுப்பினேன், கேப்டன் சபேசன் வந்தார். நான் விளக்கம் எதுவும் சொல்லல, உக்காந்து இழுங்க கேப்டன்னு மட்டும் சொன்னேன். பழக்கம் விடுமா, டக்குன்னு இழுத்தார். ஒண்ணும் இல்லையேன்னு என்னைப் பாத்தார். இறங்குங்க கேப்டன், தரை வருது, லேண்ட் பண்ணுங்கன்னேன். அவர் என் முகத்தைப் பாத்தார், அப்புறம் முன்னால விமானக் கண்ணாடி வழியா பாத்தார். இழுத்தார், அவ இழுத்த மாதிரி. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால கை நின்னுச்சு. அவர் கையை எடுக்கல. அங்கயே வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். அவர் முகத்துல ரத்தம் இறங்கினதை நான் பாத்தேன், அது தோத்துப் போன முகம் இல்ல, ஒரு மரணத்தைக் கொஞ்ச தூரத்துல பாத்த முகம். கீழ இறங்கி வந்து மித்ராகிட்ட, உன் கை நல்லா இருக்கும்மா, தப்பு என்னோடது, உங்கப்பா வரட்டும், நானே பேசுறேன்னார். நீ எங்கயும் போகலைன்னு சொல்லிட்டு வேகமா ஆபீஸ் பக்கம் நடந்தார், போறப்போ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

அவ சிரிப்பான்னு நெனச்சேன். அழுவான்னு நெனச்சேன். கையில தண்ணி பாட்டிலைத் திறந்து வெச்சுக்கிட்டு எதுக்கும் தயாரா நிக்கேன். அவ விமானத்தோட வாலையே பாத்துட்டு நிக்கா. என்னடி, சந்தோஷமா இல்லையான்னு கேட்டேன். மேடம், என் கைதான் தப்புன்னு நெனச்சப்போ எனக்குப் பயமே இல்லன்னா. கையைத் திருத்திக்கலாம்னு இருந்துச்சு. ஹாஸ்டல்ல நாற்காலியைப் பிடிச்சு இழுத்து இழுத்துப் பழகிட்டு இருந்தேன். இப்பதான் பயமா இருக்கு. எனக்குப் பின்னால, எனக்குத் தெரியாம ஒண்ணு இருந்துச்சுல்ல. நான் பாட்டிலை மூடினேன். இனிமே ஒண்ணும் ஆகாதும்மான்னு சொல்லலாம், எல்லாரும் சொல்றதுதான், வாய் வரைக்கும் வந்துச்சு. அவ விடல. நீங்க சரி பண்ணிடுவீங்க மேடம். சரி பண்ணியாச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சுர்ருன்னு ஏறுச்சு எனக்கு. சுண்டைக்கா அளவு இருந்துக்கிட்டு என்னையே கேக்கா. இத்தனை வருஷத்துல எத்தனை பைலட்டு, ஒருத்தராவது என்னை இப்படிக் கேட்டதுண்டா? கையெழுத்தைப் பாப்பாங்க, ஏறி உக்காருவாங்க, போயிடுவாங்க. பின்னால படுத்தவ யாரு, குண்டா ஒல்லியா, கண்ணு தெரியுமா தெரியாதா, எவனும் கேட்டதில்ல. கேக்காததை நானும் மரியாதைன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். கோவம் எங்கயோ பாதி வழியில நின்னு போச்சு. கேட்டது நியாயம். என் கண்ணை நம்புன்னு சொல்லலாம், அந்தக் கண்ணு காலையிலேருந்து எதுக்கு ஆசைப்பட்டுக்கிட்டு இருந்துச்சுன்னு எனக்கில்ல தெரியும்.

சரின்னு போய் கிளாம்பைக் கழட்டினேன். வால் பலகையை மட்டமா நிறுத்தி முட்டுக் குடுத்து, ஒரு விரக்கடை தள்ளி மாட்டி, முறுக்கி, இறுக்கத்தை அளந்து, முட்டுக் கட்டையை எடுத்துட்டு வெளிய வர்றதுக்குள்ள மதியச் சாப்பாட்டு நேரமே ஓடிப்போச்சு. அவ போகல. இறக்கை நிழல்ல உக்காந்துக்கிட்டு இருந்தா. டார்ச்சை அவ கையில குடுத்தேன். சட்டை அழுக்காகும், தோள்ல இருக்கிற யூனிஃபார்ம் பட்டையைக் கழட்டி வெச்சுட்டுப் போன்னேன். ஏன்னு கேக்கல. தோள்ல இருந்த கறுப்புப் பட்டையைக் கழட்டி என் கையில குடுத்துட்டு, சாமான் கதவு வழியா ஒரே வழுக்குல உள்ள போயிட்டா, எலும்பே இல்லாத பிள்ளை. தெரியுதா? தெரியுது மேடம். உருளை? தெரியுது. ஊசி? தெரியுது. போல்ட் தலை? இவ்வளவு சின்னதா மேடம்னா. ஆமா, இவ்வளவுதான். நான் முன்னால வந்து பைலட் சீட்டுல ஏறி உக்காந்தேன். அவ பின்னால என்ன பாக்கான்னு எனக்குத் தெரியல. கைப்பிடியைப் பிடிச்சா உள்ளங்கை வேர்த்து வழுக்குது, பேண்டுல துடைச்சுக்கிட்டேன். ஊசியைத் தாண்டுமா? தாண்டலைன்னா? இழுங்க மேடம்னு வாலுக்குள்ளேருந்து குரல் வந்துச்சு. இழுத்தேன், டக்குன்னு.

"அப்படி இல்ல மேடம்"ன்னா அவ. "மெதுவா."